ஜார்ஜ் கிரம்ப் இசையைக் கேட்கத் தொடங்குவது எப்படி

1970-களின் மேற்கத்திய சேம்பர் மியூசிக், அதாவது சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசையின் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இசையமைப்பாளர் எழுதிய குறிப்பைத்தான் படிக்கிறார்கள். படித்துவிட்டு அதில் உள்ள கதையை இசைக்குள் தேடுகிறார்கள். திமிங்கிலம் என்று எழுதியிருக்கிறதே, எங்கே காணோம்? போர் என்கிறாரே, குண்டு எப்போது விழும்? அமெரிக்கரான ஜார்ஜ் கிரம்பிடம் (1929–2022) இந்த வேலை ஆகாது. அவரைத் தூண்டிய விஷயம் கதையாக வருவதைவிட, வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது, தந்தியை எதால் தொடுவது என்ற அளவுக்கு இறங்கி வந்துவிடும். அதனால் முதல் தடவை ஒலித்தட்டாகக் கேட்காமல் வீடியோவாகப் பாருங்கள். கலைஞர்களின் கை என்ன செய்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

தொடங்க நல்ல இடம், 1971-ல் எழுதிய 'வாக்ஸ் பலேனே', அதாவது திமிங்கிலத்தின் குரல். ஃப்ளூட், செல்லோ, பியானோ மூன்றும் மைக் வைத்துப் பெருக்கப்பட்டவை, மொத்தம் இருபது நிமிடம் போல. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் பாடும் ஒலிப்பதிவு ஒன்றை 1960-களின் கடைசியில் கேட்டதுதான் இதற்குத் தூண்டுதல். முதல் சில நிமிடங்கள் ஃப்ளூட் மட்டும். வாசிப்பவர் ஊதிக்கொண்டே அதே மூச்சில் பாடவும் வேண்டும், அதனால் வருவது குழலா குரலா என்று பிரிக்க முடியாத, கொஞ்சம் கரகரப்பான ஒரு ஒலி. அங்கே திமிங்கிலத்தைத் தேடாதீர்கள், ஒரு மனிதத் தொண்டை வாத்தியத்துக்குள் போய் மாட்டிக்கொண்டதுபோல் இருப்பதை மட்டும் கவனித்தால் போதும். அந்தப் பகுதி முடியும்போது ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ஸரதுஸ்ட்ரா' தொடக்கத்தைக் கேலியாக ஒரு இழுப்பு இழுப்பார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். இதே இழுப்பு பின்னால், பூமியில் மனிதன் தோன்றுவதைக் காட்டும் இடத்திலும் ஒருமுறை தலைகாட்டும், தவற விடாதீர்கள்.

அப்புறம் கடல் மெட்டு ஒன்றும், புவியியல் யுகங்களின் பெயரில் அந்த மெட்டின் ஐந்து மாற்றுருவங்களும் (வேரியேஷன்). யுகங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் மாற்றுருவத்தில் செல்லோவை மட்டும் பாருங்கள். தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றாமல் கையை அப்படியே கீழே சறுக்கிக்கொண்டு போவார் கலைஞர். சறுக்கல் ஒரே கோடாக இறங்காமல் நடுநடுவே உடைந்து உடைந்து மேலே தாவும், அச்சு அசல் கடற்பறவை கத்துகிற மாதிரி. எலெக்ட்ரானிக்ஸ் வித்தை எதுவும் இல்லை, கைப் பழக்கம்தான். மேடையில் நீல வெளிச்சம், மூவர் முகத்திலும் கறுப்பு அரைமுகமூடி. மனித முகம் மறைந்தால் இயற்கையின் சக்தி முன்னுக்கு வரும் என்பது கிரம்பின் கணக்கு. எனக்கு முகமூடி கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் கடைசி நிமிடத்தில் அதற்கும் வேலை வருகிறது: பத்துச் சுரங்கள் கொண்ட ஒரு சின்ன வரி திரும்பத் திரும்ப மெலிந்துகொண்டே போய், கடைசித் தடவை சத்தமே இல்லாமல், வாசிப்பதுபோல் சைகை மட்டும் செய்வார்கள். ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள்.

சரி, இந்த இசையில் ஏன் இவ்வளவு எதிரொலி, ஏன் ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் இவ்வளவு காத்திருப்பு? அவர் பிறந்த ஊரைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அப்பா கிளாரினெட், அம்மா செல்லோ. அந்தப் பள்ளத்தாக்கின் எதிரொலிதான் தன் காதைப் பழக்கியது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இது மொத்தமும் போய்விடும். சுமாரான இயர்போன் இருந்தாலும் பரவாயில்லை, பியானோவின் ஒலி தேய்ந்து முடியும் வரை கேட்டுப் பழகுங்கள்.

அடுத்தது 'பிளாக் ஏஞ்சல்ஸ்', 1970, மின்பெருக்கம் செய்த நால்வர் தந்திக் குழுவுக்கு. இதற்கு மட்டும் போடுவதற்கு முன்பே வால்யூமைக் குறைத்துவிடுங்கள், எடுத்த எடுப்பிலேயே காது கிழியும். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம். எழுதி முடித்த தேதியாக 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை என்று போட்டு, பக்கத்தில் 'போர்க்காலத்தில்' என்று லத்தீனில் குறித்திருக்கிறார். மொத்தம் 13 பகுதிகள், 13-உம் 7-உம் சுரக்கணக்கிலும் தாளக்கணக்கிலும் ஊடுருவியிருக்கும், கலைஞர்கள் வாயாலேயே பல மொழிகளில் எண்ணுவார்கள். எண்ணிக் கேட்க நினைத்தால் தலைவலிதான் மிச்சம், அதை விட்டுவிடலாம். தொடக்கத்து இரைச்சலை ஹெலிகாப்டர் என்று கேட்பவர்கள் உண்டு, ஆனால் கிரம்ப் அதற்கு வைத்த பெயர் 'மின்பூச்சிகளின் இரவு'.

இதைக் கேட்பதற்கு முன் ஷூபர்ட்டின் 'டெத் அண்ட் த மெய்டன்' குவார்டெட்டின் இரண்டாம் பகுதியைக் கட்டாயம் ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் அந்த மெட்டு இங்கே நடுவில் வருகிறது. வாசிக்கும் முறைதான் தலைகீழ்: வில், இடது கை விரல்களுக்குத் தவறான பக்கத்தில், கழுத்துப் பக்கமாக உரசும். அதனால் பழைய வயோல் வாத்தியங்கள் தூரத்தில் ஒலிப்பதுபோல் ஷூபர்ட் ரத்தம் வற்றிப்போய் வருவார். மரணத்தைப் பற்றிய பாட்டைப் பிணமாக்கி வைத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பின்னால் ஓரிடத்தில் மூவர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி ஸ்ருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை வில்லால் இழுக்க, மேலே செல்லோ தனியாகப் பாடும். நாள் முழுக்க அந்த ஒரு பகுதியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் இந்த 'பிளாக் ஏஞ்சல்ஸை' வானொலியில் கேட்டுத்தான் 1973-ல் குரோனோஸ் குவார்டெட்டைத் தொடங்கினார், அவர்களின் 1990 பதிவையே தேடிப் பிடியுங்கள்.

இரண்டும் பிடித்துவிட்டால் 1974-ன் 'மியூசிக் ஃபார் எ சம்மர் ஈவினிங்'. இரண்டு பியானோ, தாள வாத்தியங்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1937-ல் இதே சேர்க்கைக்கு ஒரு சொனாட்டா எழுதியிருக்கிறார், அதை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.