மெக்சிகோவின் பாம்புச் சிற்பங்கள்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மெக்சிகோவின் கல் சிற்பம் எதில் பாம்பைக் கண்டாலும் "கெட்சால்கோவாட்ல்" என்று பெயர் சூட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அந்தப் பெயருக்கு உரியது இறகுப் பாம்புத் தெய்வம் மட்டும். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் செதுக்கிய வட்டமான சூரியக் கல்லின் விளிம்பை வளைத்திருக்கும் இரண்டு பாம்புகளும் நெருப்புப் பாம்புகள். அவற்றின் பெயர் ஷியூகோவாட்ல். வால்கள் உச்சியில் சந்திக்க, கீழே பிளந்த வாய்களிலிருந்து இரண்டு முகங்கள் எதிரெதிரே பார்க்கின்றன. போர்க்கடவுள் உய்ட்சிலோபோச்ட்லி ஏந்திய ஆயுதமும் இந்த நெருப்புப் பாம்புதான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனித் தவறு உண்டு: படமெடுத்த நாகத்தைத் தேடுவது. அமெரிக்கக் கண்டங்களில் நல்லபாம்பு கிடையாது. அங்குள்ள சிற்பிகள் அதிகம் செதுக்கியது கிலுகிலுப்பைப் பாம்பை. எனவே தலையைப் பார்க்கும் முன் வாலைப் பாருங்கள். அடுக்கடுக்கான வளையங்கள் தெரிந்தால் அதுதான். மெக்சிகோவின் பண்டைய நகரமான தியோத்திவாக்கானின் கோயில் சுவரில் தலையைச் சுற்றி விரிந்திருப்பது படம் அல்ல, இறகு வளையம்.

அந்தக் கோயில் இன்னொரு அழகான கற்பனையையும் உடைக்கிறது. இறகுப் பாம்பு சாந்தமான தெய்வம், நரபலியை வெறுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். கி.பி. 200 வாக்கில் இந்த இறகுப் பாம்புக் கோயிலைக் கட்டியபோது பலியிடப்பட்டுப் புதைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பலரின் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்ட நிலையில் இருந்தன. சிலர் மனிதத் தாடை வடிவில் சிப்பியால் செய்த கழுத்தணி அணிந்திருந்தார்கள். சாந்த தெய்வக் கதை பெரும்பாலும் ஸ்பானியர் வருகைக்குப் பின் எழுதப்பட்ட நூல்களிலிருந்து வருவது. அதைப் பதின்மூன்று நூற்றாண்டு பின்னோக்கி இழுத்துச் சென்று ஒரு கல்லின்மேல் ஒட்டுவது வரலாறு ஆகாது.

பாம்பின் வாயில் மனிதன் தெரிந்தால், விழுங்கப்படுகிறான் என்று முடிவு கட்டாதீர்கள். பண்டைய மாயா மக்களின் யாஷ்சிலான் நகரத்து 25ஆம் விட்டக்கல் (வாசலின் மேல் குறுக்கே வைக்கும் கல்) இதற்கு மிகச் சிறந்த சான்று. கீழே அரசி கபால் ஷோக் மண்டியிட்டு அண்ணாந்து பார்க்கிறாள். எதிரே எழுந்து நெளியும் பாம்பின் வாயிலிருந்து ஈட்டியேந்திய வீரன் ஒருவன் வெளியே வருகிறான். இது தரிசனப் பாம்பு. மறு உலகத்தில் இருப்பவர்கள் இங்கு வரும் வழி. பாம்பு எப்படி வந்தது என்பது பக்கத்து வாசலின் 24ஆம் விட்டக்கல்லில் இருக்கிறது: அதே அரசி முள் வைத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள். அவள் சிந்திய ரத்தம்தான் பாம்பை அழைக்கிறது. இதே தொடரில் மூன்றாவதான 26ஆம் கல் மெக்சிகோவில் இருக்கிறது, முதல் இரண்டும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். தொடரை இப்படிப் பிரித்து வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்! போதாததற்கு இவை வாசலின் மேல் கிடந்த கற்கள். சிற்பம் அடிப்பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைகிறவர் தலையைத் தூக்கினால்தான் தெரியும். அருங்காட்சியகச் சுவரில் ஓவியம் போல நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்த்து அமைப்பைக் கணிக்கக் கூடாது.

முன்பக்கப் புகைப்படத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. மெக்சிகோ நகரில் 1790 ஆகஸ்ட் 13 அன்று தோண்டியெடுக்கப்பட்ட, கோவாட்லிக்குவே என்ற அஸ்டெக் தேவியின் சிலையில், அகன்ற வாயும் கோரைப்பற்களுமாக ஒரே அரக்க முகம் தெரிவதாகப் பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் போய்ப் பாருங்கள்: தேவிக்குத் தலையே இல்லை. வெட்டுண்ட கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் இரண்டு பாம்புகளாக எழுந்து, மூக்கோடு மூக்கு சேர்ந்து ஒரு முகமாகத் தோற்றம் தருகிறது. பாவாடை முழுவதும் பின்னிய பாம்புகள். யார் கண்ணிலும் படாத அடிப்பாகத்திலும் நிலத் தெய்வத்தின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பி மனிதர்களுக்காக மட்டும் உளி பிடிக்கவில்லை.

கல்லின் சாம்பல் நிறத்தை வைத்து அழகியல் பேசுவதும் வேண்டாம். இவை பளிச்சென்று வண்ணம் தீட்டப்பட்டவை. 2022 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பின் மெக்சிகோ நகரத்தில் வெளிப்பட்ட 1.8 மீட்டர் நீளப் பாம்புத் தலையில் காவி, சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை எல்லாம் இன்னும் ஒட்டியிருந்தன.

கடைசியாக, மாயா நகரமான சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடு. சமப்பகலிரவு நாளில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் ஒளி முக்கோணங்கள் இறங்கி, அடியிலுள்ள பாம்புத் தலையோடு சேர்வது உண்மைதான். ஆனால் அந்த ஒரே நாளுக்காகவே கட்டினார்கள் என்று சொல்லும் மாயாக் கல்வெட்டு எதுவும் இல்லை. இன்று நாம் பார்க்கும் படிக்கட்டும் 20ஆம் நூற்றாண்டில் சீரமைக்கப்பட்டது. அந்தக் காட்சி முன்னும் பின்னுமாகச் சில வாரங்கள் தெரியும் என்பதால், மார்ச் 21 கூட்டத்தில் நசுங்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தள்ளிப் போனால் அந்த ஒளி நிழல் காட்சியும் இருக்கும், நின்று பார்க்க இடமும் இருக்கும்.