கையில் பணம் இல்லாமல் அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக ஹார்வர்டு, எம்ஐடி மாதிரியான இடத்தில் இளநிலைப் படிப்பில் சேர முடியுமா என்று கேட்டுக்கொண்டு என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள். கூடவே வரும் அப்பா அம்மாவின் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டுக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 86,926 டாலர். நம் பணத்தில் முக்கால் கோடி ரூபாய், அதுவும் ஓர் ஆண்டுக்கு. இதைச் சொன்னதும் பலர் எழுந்து கிளம்பத் தயாராகிவிடுவார்கள்.

கொஞ்சம் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். அந்தத் தொகையை முழுதாகக் கட்டுவது வசதியுள்ள குடும்பங்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால், பெரும்பகுதியைக் கல்லூரியே ஏற்கிறது. கடனாக அல்ல, திருப்பித் தர வேண்டாத மானியமாக. இடம் கிடைப்பதுதான் கடினம். 2024இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 54,008 பேரில் 1,937 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. இதைத் தெரிந்துகொண்டு முயலுங்கள். ஆனால் பணத்தை நினைத்து முயலாமல் விட்டுவிடாதீர்கள்.

முதுநிலை, பிஎச்டி சேர்க்கை வேறு கதை. இங்கே சொல்வது இளநிலைக்கு மட்டும்.

படி 1: பட்டியலை நிதியுதவி விதியை வைத்துப் போடுங்கள்

எல்லோரும் தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது அதை அல்ல. வெளிநாட்டு மாணவரின் பண நிலையைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுப்பார்களா? சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும், அதாவது உங்கள் குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும், தருவார்களா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்திலும் இருக்கும்.

பணத்தைப் பார்க்காமல் முடிவெடுப்பதை 'நீட் பிளைண்ட்' என்பார்கள். நம் ஊர் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே 'நீட்' என்றால் தேவை. வெளிநாட்டு மாணவருக்கும் இப்படிச் செய்து, முழுத் தேவையையும் தரும் கல்லூரிகள் மிகக் குறைவு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பல ஆண்டுகளாகவே இப்படித்தான். டார்ட்மத்தும் போடனும் 2022இல் சேர்ந்துகொண்டன, அப்புறம் பிரவுன், நோட்ர டாம். எம்ஐடியில் 2025 முதல் ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழே, சாதாரணச் சொத்து உள்ள குடும்பம் எதுவும் கட்ட வேண்டாம்.

இரண்டாவது வகை, ஸ்டான்ஃபோர்டு போன்றவை. சேர்த்துக்கொண்டால் முழுதாகத் தருவார்கள். ஆனால் நீங்கள் உதவி கேட்கிறீர்களா என்பதைச் சேர்க்கை முடிவிலேயே பார்ப்பார்கள். மூன்றாவது வகை, பெர்க்லி, யுசிஎல்ஏ போன்ற கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள். படிப்பு அருமை, ஆனால் தேவையைப் பார்த்து வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு உதவி தர மாட்டார்கள். கையில் பணம் இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணம்தான் வீண்.

முதல் வகையில் ஐந்தாறு, இரண்டாம் வகையில் ஐந்தாறு என்று போடுங்கள். ஒரே கல்லூரியை நம்பி இருக்க வேண்டாம். 2025 மே மாதம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஹார்வர்டின் அனுமதியையே அமெரிக்க அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. நம் ஊர்க் கவுன்சலிங்குக்கும் கட்டாயம் பதிவு செய்து வையுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். நம் பிள்ளைகளை அதிகம் அலையவைப்பது இதுதான். மதிப்பெண் பட்டியலில் 'கே. அருண்குமார்' என்று இருக்கும். அமெரிக்கப் படிவங்களில் நம் மாதிரி இனிஷியலுக்கு இடம் இல்லை, குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு இடத்திலும் இதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே காலியாக எடுத்திருந்தால் இப்போதே மறுவிநியோகத்துக்கு விண்ணப்பியுங்கள். அதன்பின் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு, விண்ணப்பம், நிதிப் படிவம் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதே பெயர்.

படி 3: தேர்வுகளைப் பிளஸ் ஒன் விடுமுறையில் தொடங்குங்கள்

ஹார்வர்டு, யேல், எம்ஐடி, டார்ட்மத், பிரவுன் எல்லாம் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. சாட் இப்போது கணினியில் நடக்கிறது. 2 மணி 14 நிமிடம், 98 கேள்விகள், மொத்தம் 1600 மதிப்பெண். கணக்குப் பகுதி நம் பிள்ளைகளுக்குச் சுலபம். ஆங்கில வாசிப்புக்குத்தான் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். இதற்கென்று கோச்சிங் கட்டணம் கட்டாதீர்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டுவோலிங்கோ ஆகியவற்றில் தங்கள் கல்லூரிகள் ஏற்பதில் ஒன்றை எழுதிவிடுவது நல்லது.

படி 4: பள்ளியிலிருந்து வர வேண்டியவை

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டு மதிப்பெண் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்குங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

'கவுன்சலர்' அறிக்கை என்று ஒன்று உண்டு. அப்படி ஒருவர் இல்லாத பள்ளியில் தலைமை ஆசிரியர் அதை எழுதலாம். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும், அவர்தான் உள்ளே போய் நிரப்ப வேண்டும். கணினி பழக்கம் இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் யாரையாவது உதவச் சொல்லுங்கள். நீங்களே அவர் பெயரில் நிரப்பினால் அது மோசடி. சேர்க்கையே ரத்தாகும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு பாட ஆசிரியர்கள். நம் ஆசிரியர்கள் அன்போடு எழுதுவது பெரும்பாலும் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி வந்துவிடுகிறது: "ஒழுக்கமானவர், பணிவானவர், நன்றாகப் படிப்பவர்." இதை வைத்துக்கொண்டு சேர்க்கை அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. ஆசிரியரிடம் போய், "சார், அன்றைக்கு லேபில் அளவு தப்பாக வந்து நாம் மூன்று நாள் தேடினோமே, அதை எழுதுவீர்களா?" என்று கேளுங்கள். அவர் தமிழில் எழுதித் தந்தால் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துத் தரலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று தளம் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

படி 5: செயல்பாடுகள் பகுதியில் வீட்டு வேலையும் சேரும்

பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான். "எனக்கு எதுவும் இல்லை, நான் எந்தக் கிளப்பிலும் இல்லை" என்று சொன்ன மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். குமாரபாளையம் பக்கம். வீட்டில் நான்கு விசைத்தறி. பள்ளிக்குப் போகும் முன் காலையில் இரண்டரை மணி நேரம் தறியில் நிற்பாள், அறுந்த இழையைப் பிணைப்பாள், வாரக் கடைசியில் கூலிக் கணக்கு எழுதுவாள். முதலில் அவள் எழுதியது: "பெற்றோருக்கு உதவுவேன்." அப்புறம் உட்கார்ந்து மாற்றினோம்: "4 விசைத்தறி; தினமும் 4.30-7 மணி, இழை பிணைப்பது, வாரக் கூலிக் கணக்கு, நூல் விலை ஏறியபோது செலவைப் பிரித்துக் காட்டினேன்." வேலை அதேதான். எண்ணும் வினையும் வந்ததும் அந்தப் பெண்ணே கண்முன் வந்துவிட்டாள். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்று தனி வகையே இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள்வது, கடையில் நிற்பது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அதில் வரும்.

எம்ஐடிக்குத் தனித் தளம், தனிக் கேள்விகள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

படி 6: கட்டுரை

முதன்மைக் கட்டுரைக்கு 650 சொல் உச்சவரம்பு. அதோடு ஒவ்வொரு கல்லூரியும் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கேள்விக்கு மாணவர்கள் தளத்தில் உள்ளதையே திருப்பி எழுதுகிறார்கள். எலிஹு யேல் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் என்று தொடங்கும் வரைவுகளை நான் ஒன்றுக்கு மேல் படித்திருக்கிறேன். தகவல் உண்மைதான். ஆனால் எழுதியவரைப் பற்றி அதில் எதுவும் தெரியவில்லை. உங்களுக்கு எந்தப் பாடத்தில் என்ன கேள்வி இருக்கிறது, அதற்கு அங்கே யாரிடம், எந்த வகுப்பில் விடை தேடுவீர்கள் என்று எழுதுங்கள்.

வறுமையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் என்ன யோசித்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள் என்பது வர வேண்டும். யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டாம்.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானதற்கு ஜனவரி முதல் வாரம் கடைசி நாள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்து நிற்கும். அதனால் முதல் வரைவு ஆகஸ்டுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

படி 7: நிதிப் படிவம். அவசரப்படாமல் நிரப்புங்கள்

ஃபாஃப்சா என்ற அமெரிக்க அரசின் நிதியுதவிப் படிவம் வெளிநாட்டு மாணவருக்கு இல்லை. உங்களுக்குப் பல கல்லூரிகள் கேட்பது சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இணையப் படிவம். இதற்குக் கட்டணம் உண்டு, சலுகை வேண்டுமென்றால் ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நம் வீடுகளில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், வருமானச் சான்றிதழில். அரசுச் சலுகைக்காகக் குறைத்து எழுதி வாங்கிய சான்றிதழில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கும். படிவத்தில் வீட்டு வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம் எல்லாம் கூட்டினால் மூன்று லட்சம் செலவு வரும். மிச்சப் பணம் எங்கிருந்து வந்தது என்று நிதி அலுவலகம் கேட்கும். உண்மை வருமானத்தை எழுதுங்கள். மூன்று லட்சமோ ஆறு லட்சமோ, டாலரில் பார்த்தால் முழு உதவிக்கான எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். குறைத்துக் காட்டி ஒரு பயனும் இல்லை.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லையா? டீக்கடை, விவசாயம், கூலி வேலை எதுவானாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த மாதம் என்ன வரவு, எத்தனை ஏக்கர், என்ன பயிர், எவ்வளவு கடன், நகை அடகில் இருக்கிறதா என்று வெளிப்படையாக எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு இணையுங்கள். வருமான வரி கட்டாதவர்கள் அதையும் அதில் சொல்ல வேண்டும்.

"உதவி வேண்டாம் என்று குறியுங்கள், இடம் சுலபமாகக் கிடைக்கும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு ஒரு குடும்பம் அப்படியே செய்தது. இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு உதவி தருவதில்லை என்பது பல கல்லூரிகளின் விதி. அந்தப் பையன் போக முடியாமல் நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

படி 8: இடம் கிடைத்த பிறகு

முடிவுகள் மார்ச் கடைசியில் வரும். பெரும்பாலும் மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். பிறகு மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவத்தைக் கல்லூரி அனுப்பும். அதில் ஓராண்டுச் செலவும், அதில் கல்லூரி தருவது எவ்வளவு என்பதும் அச்சாகியிருக்கும். செலவு முழுதையும் கல்லூரி ஏற்றிருந்தால் வங்கியில் லட்சக்கணக்கில் இருப்பு காட்ட வேண்டியதில்லை. அதற்காகக் கடன் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு செவிஸ். அதன் கட்டணம் 350 டாலர். அதைக் கட்டிவிட்டு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு நேரம் வாங்குங்கள். கைரேகை ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணல் இன்னொரு நாள். 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான். என்ன படிக்கப் போகிறீர்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதற்குச் சுருக்கமாக, சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் போதும்.

ஐ-20இல் உள்ள தொடக்க நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் நாட்டுக்குள் நுழைய முடியும், அதற்கு முன்னால் முடியாது. ஐ-20ஐப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அங்கே போனபின் ஒரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கல்விக் கட்டணத்துக்கான மானியத்துக்கு வரி இல்லை, ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் மானியத்துக்கு உண்டு. 14 சதவீதம் பிடித்துக்கொண்டு கல்லூரி பில் அனுப்பும். பயப்பட வேண்டாம். இந்திய மாணவருக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் நிலையான கழிவு, அதாவது வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி வேண்டாம் என்று, கேட்கும் உரிமை இருக்கிறது. ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவத்தில் அதைக் கேட்டால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. மானியத்தையும் பிடித்த வரியையும் காட்டும், அதற்குத் தேவையான 1042-எஸ் என்ற தாளை மார்ச் நடுவுக்குள் கல்லூரி அனுப்பிவிடும். வரவில்லையென்றால் நிதி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.