பைத்தானில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்க லூப் வேண்டாம்

ஒரே பட்டியலில் இரண்டு வகை விலை மாறி மாறி வந்தால், பிரிப்பதற்கு லூப் எழுத வேண்டாம். ஸ்லைஸில் (பட்டியலின் ஒரு பகுதியைச் சதுர அடைப்புக்குள் எண் கொடுத்து எடுக்கும் முறை) இன்னொரு முக்காற்புள்ளி போட்டால் போதும். ஈரோடு மஞ்சள் மார்க்கெட் விலையை விரலி, கிழங்கு, விரலி, கிழங்கு என்று வரிசையாக ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு):

விலை = [13200, 11900, 13450, 12100]

விலை[::2] என்றால் விரலி மட்டும்: 13200, 13450. விலை[1::2] என்றால் கிழங்கு: 11900, 12100. பைத்தான் 3-இல் மாறியின் (variable) பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அப்படியே ஓடும்.

மூன்றாவது எண் எத்தனை இடம் தாண்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதல் இரண்டு எண்கள் தொடக்கமும் முடிவும்; அவற்றை விட்டுவிட்டால் பட்டியல் முழுவதும் என்று பொருள். இந்த வசதி முதலில் எண் கணக்கு நூலகங்களுக்காக வந்தது; சாதாரணப் பட்டியலுக்கும் சரத்துக்கும் (string) 2003-இல் வெளியான பைத்தான் 2.3-இல்தான் கிடைத்தது.

ஒரு நாள் கிழங்கு வரத்தே இல்லை என்று அந்த விலையைச் சேர்க்காமலே விட்டால் அதற்குப் பின்னால் எல்லாமே இடம் மாறிவிடும், பிழைச்செய்தியும் வராது. அங்கே நன் (None, ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) போட்டு நிரப்புங்கள். விலை[::2]-க்குப் புது மதிப்புகளைக் கொடுக்கும்போதும் எண்ணிக்கை சரியாக ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வேல்யூ எரர் (ValueError) என்ற பிழைதான். மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரில் இது செல்லாது. அதற்குப் பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் (itertools) நூலகத்தில் ஐஸ்லைஸ் (islice) இருக்கிறது. ஆனால் அதில் மைனஸ் எண் எடுபடாது.