பைபாஸுக்கு போறவங்களோட கிட்னிய கவனிக்கிறது எப்டி

எங்க நைனாவுக்கு பைபாஸ் முடிஞ்ச மறுநாள் ஐசியூ வாசல்ல நின்னுக்கினு நாங்க எல்லாரும் ஹார்ட் எப்டி இருக்கு ஹார்ட் எப்டி இருக்குன்னே கேட்டுனு இருந்தோம், டாக்டர் வந்து "ஹார்ட் ஓகே, யூரின் தான் கம்மியா வருது, கிரியாட்டினின் ஏறுது"ன்னாரு. கிரியாட்டினின்றது கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ரத்தத்துல அது ஏறுனா கிட்னி சரியா வேல செய்லன்னு அர்த்தம். நெஞ்சுல கத்தி வெச்சதுக்கு கிட்னிக்கு இன்னா வந்துச்சுன்னு அப்ப ஒண்ணும் புரியல. இந்தியாவோட மொத பைபாஸே 1975ல நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில டாக்டர் கே.எம்.செரியன் பண்ணது தான், அம்பது வருஷமா நம்ம ஏரியாவுக்கு பழகுன ஆபரேஷன், ஆனா இந்த கிட்னி மேட்டர மட்டும் யாரும் முன்னாடியே சொல்றதில்ல. நான் டாக்டர் இல்ல, கூட இருந்து பாத்தவன், மருந்து விஷயத்துல முடிவு உங்க டாக்டரோடது.

ஹார்ட் தள்ளுற ரத்தத்துல சுமாரா அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்கு தான் போவுது. ஆபரேஷன் டைம்ல நெறைய பேருக்கு ஹார்ட்ட நிறுத்திட்டு மெஷின் வெச்சு ரத்தத்த ஓட்டுவாங்க, அப்ப பிரஷர் எறங்கும், மெஷின் டியூப்ல இருக்க திரவம் கலந்து ரத்தமும் நீர்த்துப்போவும். கிட்னியோட உள்பக்கம் சாதாரண நாள்லயே ஆக்சிஜன் இழுத்து புடிச்சு ஓடுற எடம், அதனால அங்க தான் மொத அடி விழும். ஹார்ட் ஆபரேஷன் ஆன நூறு பேருல இருவது முப்பது பேருக்கு ஏதோ ஒரு அளவுல கிட்னி அடிவாங்குது, நெறைய பேருக்கு தானா சரியாவும், டயாலிசிஸ் வரைக்கும் போறது கொஞ்ச பேர் தான்.

நீங்க செய்ய வேண்டிய மொத வேல, வீட்டு பிபி நோட்டு. அட்மிட் ஆவறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ பாத்து எழுதுங்க. ஏன்னா ஆபரேஷன்ல அவங்க பாக்குறது மீன் பிரஷர், அதாவது சராசரி பிரஷர். (டாக்டர் இத சொன்னதும் காசிமேட்டுல இருவது வருஷம் மீன் ஏலம் விட்ட எங்க நைனா "இன்னா மீனு சார்"னு கேட்டுட்டாரு.) கீழ் நம்பரோட, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்துல மூணுல ஒரு பங்க கூட்டுனா அது தான் மீன் பிரஷர். 120/80 ஆளுக்கு 93 வரும், வருஷக்கணக்கா 160/100லயே சுத்துற ஆளுக்கு 120. மெஷின்ல ஓடும்போது பொதுவா 50லேர்ந்து 80க்குள்ள வெச்சுப்பாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே 60ல வெச்சாங்கன்னு வெச்சுக்கோங்க, ஆனா மொத ஆளுக்கு 33 தான் எறங்கிருக்கு, ரெண்டாவது ஆளுக்கு பாதியா எறங்கிருக்கு. ரொம்ப வருஷம் ஹை பிபில பழகுன கிட்னிக்கு லோ பிரஷர் தாங்காது. அந்த நோட்ட மயக்க மருந்து டாக்டர் பாக்க வரும்போது கையில குடுங்க, சர்ஜன்கிட்ட மட்டும் காட்டிட்டு விட்டுடாதீங்க.

அதுக்காக "பிரஷர ஏத்தியே வெச்சிருங்க சார்"னு போய் நிக்காதீங்க. ஏத்தி வெச்சும் சோதிச்சு பாத்திருக்காங்க, அத வெச்சு மட்டும் கிட்னி பிழைச்சிடல. நம்ம தெரு கொழாய நெனச்சுக்கோங்க, சர்ருன்னு சத்தம் மட்டும் வந்து இன்னா பிரயோஜனம், கொடம் ரொம்பணும்ல. மெஷின் எவ்ளோ ரத்தம் ஓட்டுது, அதுல ஹீமோகுளோபின் எவ்ளோ இருக்குன்றதும் அதே அளவுக்கு முக்கியம். அதனால ரத்தம் கம்மியா இருக்கவங்க ஆபரேஷனுக்கு டைம் இருந்தா அத ஏத்திட்டு போலாமான்னு கேளுங்க. அதே மாதிரி ஆஞ்சியோல ரத்தக்குழாய் படத்துல தெரியறதுக்கு போடுற டை மருந்து கிட்னிக்கு பாரம், அவசர கேஸ் இல்லன்னா ஆஞ்சியோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல கொஞ்ச நாள் விடலாமா, டைக்கு அப்பால கிரியாட்டினின் திரும்ப பாத்தாங்களான்னு கேக்கணும்.

மாத்திரையோட பேர மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க, பை மொத்தத்தையும் தூக்கினு போங்க. டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்லுவாங்க, சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் சாப்புட்டா பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்குற செட்டு மாத்திரை, லேகியம், இதையும் மறைக்காம சொல்லுங்க.

ஐசியூல உள்ள விடுற அஞ்சு நிமிஷத்துல மூஞ்சியையே பாத்து அழுவாம கட்டிலுக்கு கீழ யூரின் பைய பாருங்க. வெயிட்டுல ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை எம்எல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 எம்எல், அதுக்கு கீழ தொடர்ந்து ஆறு மணி நேரம் போச்சுன்னா கிட்னிக்கு சிக்கல்னு கணக்கு. கிரியாட்டினின் பழைய அளவுலேர்ந்து ரெண்டு நாளுக்குள்ள 0.3 ஏறுனாலும் அதே தான். பழைய அளவு தெரிஞ்சா தானே ஏறுச்சான்னு தெரியும், அதனால ஒரு வருஷத்து ரிப்போர்ட் போட்டோ போன்ல இருக்கட்டும். எங்க நைனாவுக்கு 1.1ல இருந்தது மூணாவது நாள் 2.4 வரைக்கும் போய், அப்பால தான் எறங்குச்சு.

இன்னொண்ணு, பாக்க வர்றவங்க எல்லாரும் எளநீ வெட்டினு வருவாங்க. கிரியாட்டினின் ஏறியிருக்கும்போது எளநீ, சாத்துக்குடி ஜூஸ் எதுவும் டாக்டர கேக்காம குடுக்காதீங்க, பொட்டாசியம் ஏறி இப்பதான் தைச்ச ஹார்ட்டையே பதம் பாத்துடும். எங்க அத்தைக்கு இதுல கோவமே வந்துடுச்சு, வந்தா வரட்டும்னு வுட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் நெஞ்சு தையல் வலிக்குதுன்னு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிடாதீங்க, அவங்க எழுதி குடுத்தது மட்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய்க்கு லீவு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அம்மாகிட்ட பிபி பாத்து அதே நோட்டுல எழுதிக்கோங்க. மூணு மாசத்துல கிரியாட்டினினும் யூரின்ல புரோட்டீனும் ஒரு தடவ கண்டிப்பா பாக்கணும், நல்லா நடமாடுறாரேன்னு விட்டுடாதீங்க. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓபிக்கு போறதா இருந்தா காலைலயே போய் சீட்டு போட்டுருங்க, ரிப்போர்ட்டுக்கு ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல் உங்க கையிலயே இருக்கட்டும்.