பாலாற்றங்கரைத் தோல் கழிவுப் பிரச்சினை: ஆவணங்களைத் தேடி எடுக்கும் முறை

‘பாலாறு’, ‘தோல் தொழிற்சாலை’, ‘மாசு’ என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அரசுக் காகிதத்தைப் பொருள் வாரியாக அடுக்குவதில்லை. எந்த அலுவலகம், எந்த ஆண்டு, எந்த எண் என்று பார்த்துத்தான் கட்டி வைக்கிறார்கள். ஆகவே ‘இதற்காக யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு தாளில் ஊர்ப் பெயர்களின் வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள். திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது; பிறகுதான் வட ஆற்காட்டில் சேர்ந்தது. அதற்கு முந்தைய கோப்பை வட ஆற்காட்டில் தேடிப் பயனில்லை. வட ஆற்காடு 1989-இல் பிரிந்து, வேலூர்ப் பகுதி ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ மாவட்டம் ஆனது. 1990-களின் பிற்பகுதியில் ‘வேலூர்’ என்ற பெயர் வந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இன்று ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், 1991-ஆம் ஆண்டுக் கோப்பு வேலூர் ஆட்சியர் அலுவலக எண்ணில்தான் பிறந்திருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் காலை வாரிவிடும். வாணியம்பாடியை நடுவில் ‘ஒய்’ போட்டும் போடாமலும், ராணிப்பேட்டையை ‘ராணிப்பேட்’ என்றும் தேடிப் பாருங்கள்.

அடுத்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த ரிட் மனு எண் 914/1991-க்கு 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கைக்காகத்தான் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கு அது ஒரு திறவுகோல். பென்சிலோடு உட்கார்ந்து, அதில் வரும் ஒவ்வொரு அலுவலகப் பெயரையும் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டே போங்கள். உதாரணமாக, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அதில் வருகிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மைய ஆய்வு. ஆக அடுத்த தடம் கோயம்புத்தூரில், அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில். அதே தீர்ப்பில் அரசாணை எண் 213, நாள் 30.3.1989 என்றும் வரும். குறிப்பிட்ட ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகளைத் தடுத்த ஆணை அது.

இனி எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கேட்புச் சீட்டில் துறை, அரசாணை எண், வரிசை, நாள் நான்கும் வேண்டும். அதிகம் தவறுவது வரிசையில், அதாவது ஆணையின் வகையைக் காட்டும் எழுத்தில்தான். ‘எம்.எஸ்.’, ‘ஆர்.டி.’, ‘டி’ என ஒவ்வொரு வரிசைக்கும் தனி எண் ஓட்டம் உண்டு. எழுத்தை விட்டுவிட்டால் சம்பந்தமில்லாத ஆணை வந்து நிற்கும். ஆணை கிடைத்ததும் உள்ளடக்கத்துக்குத் தாவாதீர்கள். மேலே ‘படிக்கப்பட்டவை’ என்ற பட்டியல் இருக்கும். அந்த ஆணைக்கு அடிப்படையான கடிதங்கள் எண்ணும் நாளுமாக அங்கே வரிசையாக நிற்கும். தேடலை நடத்திச் செல்வது அந்தப் பட்டியல்தான்.

ஆட்சியர் அலுவலகக் கடிதங்களில் ‘ந.க. எண்’ என்ற கோப்பு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்கும் எழுத்தும் இலக்கமும் பிரிவையும், நடுவில் இருப்பது கோப்பையும், கடைசி இலக்கம் ஆண்டையும் காட்டும். கோப்பை முடிக்கும்போது இட்ட முத்திரையும் முக்கியம்; அதை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று அதுதான் சொல்லும். ‘ஆர்.டிஸ்.’ நிரந்தரம், ‘டி.டிஸ்.’ பத்து ஆண்டு, ‘கே.டிஸ்.’ மூன்று, ‘எல்.டிஸ்.’ ஒன்று. விவசாயிகள் கொடுத்த மனுக்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் போய் அழிந்திருக்கும். அவற்றின் நகலை மனு கொடுத்தவர் வீட்டிலோ வழக்கின் இணைப்புகளிலோதான் தேட வேண்டும்.

அரசியல் பக்கத்துக்குச் சட்டமன்ற நடவடிக்கைகள். வினா-விடையோடு நிறுத்திவிடாமல் சுற்றுச்சூழல், தொழில் துறை மானியக் கோரிக்கை விவாதங்களையும் புரட்டுங்கள். தொகுதிக் குறை அங்கேதான் கொட்டும்.

பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ தளம் இருக்கிறது. ஆனால் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002-இல். அதற்கு முந்தைய வேலூர்க் கல்லூரி ஆய்வேடுகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். முடிவுரையைவிடப் பின்னிணைப்பே உதவும். கிணற்று நீர் அட்டவணையில் மாதிரி எடுத்த மாதத்தையும் பாருங்கள். கோடையில் எடுத்த நீரையும் மழைக்குப் பின் எடுத்ததையும் ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

காப்பகத்துக்கு இன்னும் வராத கோப்புக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் ‘விளக்கம் கேட்பது தகவல் ஆகாது’ என்று மடக்கிவிடுவார்கள். ‘இன்ன நாளிட்ட ஆய்வறிக்கையின் நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இதை மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கடைசியாக, மாசை எதிர்த்த இயக்கத்தாரின் துண்டறிக்கைகள். பாதிக்கு மேல் ஆண்டே இருக்காது. ‘வரும் 14-ஆம் தேதி ஞாயிறு மாலை’ என்பதோடு சரி. மாதம் தெரிந்தால் பழைய நாட்காட்டியில் கிழமையைப் பொருத்தி ஆண்டைக் குறுக்கலாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்’ என்றிருந்தால் 1989-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. அடியில் பொடி எழுத்தில் வரும் அச்சகப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஓரத்தை வெட்டாமல் முழுத் தாளையும், மறுபக்கத்தையும் படமெடுங்கள். கணக்கும் பெயர்களும் மறுபக்கத்தில் கிறுக்கப்பட்டிருக்கும்.

துருவேறிய குண்டூசியை இழுக்காமல் மெல்ல நெம்பி எடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். வழவழப்பான பழைய ஃபேக்ஸ் தாள் கட்டுக்குள் இருந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் நகலெடுங்கள். வெப்பத்தில் பதிந்த எழுத்து அது. தானாகவே வெளுத்துப் போய்விடும்.