கொடைக்கானல் முகாம் இந்த வருஷம் இல்லையா? லீவை ரத்து செய்யாதீர்கள்

மே மாதம் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிவதற்குள் கொடை ரோட்டில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, மலையேறி மூன்று நாள் தியான முகாம். எங்கள் குழுவின் பல வருஷப் பழக்கம் இது. இந்த முறை முகாம் இல்லை என்று ஒரு வரிச் செய்தி வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை.

சரி, உடனே செய்ய வேண்டியது ரயில் டிக்கெட்டை ரத்து செய்வது. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். ஆனால் ஆபீஸில் போட்ட லீவை மட்டும் தொடாதீர்கள்.

நாங்கள் அதே மூன்று நாளும் ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். முகாமின் கால அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டோம்: ஐந்தரைக்கு மௌனம், எட்டுக்குக் கஞ்சி, மாலையில் சுக்குக் காபி. எல்லோருடைய செல்போனும் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள். உள்ளே அது அதிர்ந்தபோது தூக்கே டணடணவென்று ஆடியது, மௌனம் போயே போச்சு! அதனால் அணைத்துவிட்டுப் போடுங்கள். வெயில் ஏறுமுன் கீழே இறங்கிவிடுங்கள். சமவெளி வெயில் தியானத்தை மதிக்காது.

மலைதான் வேண்டும் என்பவர்கள் தனியாகவும் போகலாம். ஆனால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, சொந்த வண்டியில் போவதானால் கிளம்புமுன் இணையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.