முயலுக்கு லிட்டர் ட்ரே (கழிவுத் தட்டு) பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முயல் வாங்கிய செட்டிநாட்டு வீடுகளில் முதல் மாதத்திலேயே எழும் புகார், “வளவெல்லாம் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) நாறுது” என்பதுதான். ஆச்சி முகம் சுளித்ததும் முயல் கொல்லைப்பக்கக் கூண்டுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அதை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதற்கு அவசியமே இல்லை. ஒரே மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே சிறுநீர் கழிப்பது முயலின் இயல்பு. அந்த இயல்பைக் குழப்பாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு விஷயம். காட்டிலோ கண்மாய்க்கரையிலோ பிடித்து வந்த முயல்குட்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அது வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வீட்டு முயலைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

நம் ஊர் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, வாங்கி வந்த அன்றே முயலை வளவில் அவிழ்த்து விடுவது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஓட இடம் இருக்கிறதே என்று ஆசையாகத்தான் விடுகிறோம். ஆனால் புது முயலுக்கு அந்த அகலம் மிரட்சியைத் தரும். இது யாருடைய எல்லை, எங்கே ஒளிவது என்று எதுவும் புரியாமல், தூணுக்குத் தூண் புழுக்கை போட்டு அடையாளம் வைக்கத் தொடங்கிவிடும். முதல் இரண்டு வாரம் ஓர் அறையின் மூலையில் நாலடிக்கு நாலடி இடம் தடுத்துக் கொடுங்கள். அதற்குள் ட்ரே, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி இருந்தால் போதும். ட்ரேயிலேயே சிறுநீர் போவது உறுதியான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைக் கூட்டலாம். நடுவில் தவறினால் மறுபடி சுருக்கிவிடுங்கள்.

ட்ரேயை நமக்கு வசதியான இடத்தில் வைப்பது அடுத்த தவறு. முற்றத்து ஓரம் கழுவிவிட வசதிதான். ஆனால் சித்திரை வெயிலில் அங்கே பிளாஸ்டிக் ட்ரே கொதிக்கும். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குச் சிரமம். திறந்த முற்றத்தில் பூனை, கீரி பயமும் உண்டு. முயலே காட்டும் இடத்தைக் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கப் போகும் முயல் மூலைக்குப் பின்பக்கமாக நகர்ந்து, வாலைச் சற்றுத் தூக்கி, ஒரு கணம் அசையாமல் நிற்கும். ட்ரே போக வேண்டிய இடம் அந்த மூலைதான். பூனைக்கு விற்கும் சின்னத் தட்டு பெரும்பாலும் பத்தாது. முயல் உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்கு, ஒன்றரை அடி நீளமாவது உள்ள தாழ்வான டப் வாங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாய், பூனைக்கு உள்ளது போன்ற மெத்தென்ற பாதம் முயலுக்குக் கிடையாது; உள்ளங்கால் முழுக்க முடிதான். வழவழப்பான தரையில் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து சறுக்கும். நகம் கீறும் சத்தம் கேட்கும். பிறகு அது அந்தத் தரையைக் கடக்கவே தயங்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் தரை என்றால் கேட்கவே வேண்டாம். ட்ரே நாலு தப்படி தள்ளி இருந்தாலும் போகாமல், கால் ஊன்றக் கிடைத்த பாயிலோ மெத்தையிலோ போய்விடும். அதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். தங்கும் இடத்திலிருந்து ட்ரே வரை வழுக்காத விரிப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சாக்கைவிட ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி நல்லது. சாக்கு நனைந்தால் முயல் அதையே ட்ரேயாக எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டையும் கழிவிடத்தையும் பிரித்து வைப்பதுதான் என் அனுபவத்தில் அதிகம் பேர் செய்வது, திருத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாததும்கூட. “சாப்பிடுற இடத்துலயா?” என்று நமக்குக் கூசுகிறது, சரி. ஆனால் புல்லைக் கடித்துக்கொண்டே புழுக்கை போடுவது முயலின் பழக்கம். புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது நெடுநேரம் உட்காரும். எனவே உலர்ந்த புல்லை ட்ரேயின் ஒரு முனையிலோ, ட்ரேக்குள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஒரு கூடையிலோ வையுங்கள். பழகுவதற்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. அருகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். மருந்து அடித்த வரப்பில் அறுத்ததும், பூஞ்சை பிடித்ததும் கூடாது. வைக்கோலில் சத்து குறைவு. அதை ட்ரேயில் பரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரேக்குள் என்ன போடுவது என்பதில் கவனம் வேண்டும். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வேண்டவே வேண்டாம். முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். காரைக்குடிப் பக்கம் தச்சுப் பட்டறைகளில் மரத்தூள் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வருகிறார்கள். அந்தப் பொடி முயலின் மூச்சுக்குழலுக்கு ஆகாது. அதில் பாலிஷ் கலந்திருக்கிறதா என்பதும் தெரியாது. பழைய செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக விரித்து மேலே வைக்கோல் போட்டால் போதும், செலவும் இல்லை.

தினமும் ட்ரேயை வாசனை துளியும் இல்லாமல் கழுவி வைப்பதும் தவறுதான். தன் வாசனை இருந்தால்தான் முயல் திரும்ப வரும். நனைந்த காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள்; அதில் ஒரு துண்டை மட்டும் விட்டுவையுங்கள். அதற்காக நாள்கணக்கில் சேரவும் விடக்கூடாது. அமோனியா நெடி அதன் நுரையீரலைக் கெடுக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ட்ரேயில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புச் சத்து. வினிகர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் விட்டுவிடும். ஆனால் அதே வினிகரை ஆத்தங்குடிக் கல்லில் ஊற்றிவிடாதீர்கள். அது சிமெண்ட் கல். வினிகர், எலுமிச்சை, புளி என எந்தப் புளிப்பும் அதன் மேல்பூச்சை அரித்துவிடும். தரையில் பட்டதை உடனே ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரும் மிதமான சோப்பும் கொண்டு துடைத்தால் போதும்.

அடிப்பது, மூக்கை ஈரத்தில் தேய்ப்பது எல்லாம் முயலிடம் துளியும் பலிக்காது. அது இரையாகும் பிராணி. பயந்தால் உங்களைக் கண்டு ஒளியும், பயத்திலேயே இன்னும் கண்ட இடத்தில் போகும். தவறான இடத்தில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கி ட்ரேயில் போடுங்கள். அழுக்காகிவிட்டதே என்று குளிப்பாட்டவும் வேண்டாம். தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே உயிர் போகக்கூடும். ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து உலர்த்துங்கள்.

திராட்சைக் கொத்து போல, பளபளப்பாக, மெத்தென்று ஒரு கழிவு கண்ணில் பட்டால் வயிற்றுப்போக்கு என்று பதற வேண்டாம். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் நொதித்து வரும் சத்துள்ள கழிவு அது. முயல் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும், தடுக்காதீர்கள். அது தின்னப்படாமல் அடிக்கடி தரையில் கிடந்தால், கடையில் விற்கும் தீனிக் குச்சியும் (பெல்லட்) பழமும் அதிகம், புல் குறைவு என்று பொருள்.

மூன்று நான்கு மாதம் ஒழுங்காக இருந்த முயல் திடீரென்று சுவரில் சிறுநீர் பீய்ச்சினால் பருவத்துக்கு வந்துவிட்டது. பழக்கியதெல்லாம் வீண் என்று கைவிடுவது இந்த நேரத்தில்தான். கருத்தடை செய்தால் சில வாரங்களில் அடங்கும். பெட்டைக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் நீங்கும். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர்தான் செய்ய வேண்டும். உள்ளூரில் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். அறுவைக்கு முன் நாயைப் போல முயலைப் பட்டினி போடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நன்றாகப் பழகிய முயல் மீண்டும் ட்ரேக்கு வெளியே சிறுநீர் போகத் தொடங்கினாலோ, முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். சிறுநீர் செம்மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் கீரை, இலைகளின் நிறம்தான். ரத்தத் திட்டு தெரிந்தால் காட்டிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ட்ரேயில் ஒரு புழுக்கைகூட இல்லை, சாப்பாடும் தொடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள்.